எண்ணெய்த் தொட்டிக்குள் ஒரு தபேதார்

பிப்ரவரி 3, திங்கள்

தொண்டையில் ஆபரேஷன் முடிந்து இன்று மூன்றாம் நாள். குரல் நாணில் மிளகளவு முடிச்சு இருந்ததாம், எடுத்துவிட்டார்கள். இருபத்தொரு நாள் வாயைத் திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, இருமல் வந்தால்கூட மரியாதையாக இரும வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. பேசத் தோன்றுவதையெல்லாம் எழுதிவிடுங்கள் என்றார். உரக்கடைக்காரர் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பூச்சிமருந்து விளம்பரம். பொருத்தம்தான்.

முதல் பக்கம் பெயர், தொழில், ரத்தப்பிரிவு எல்லாம் கேட்கிறது. சென்னியப்பன், வயது ஐம்பத்து மூன்று, கலெக்டர் அலுவலகத் தபேதார். வெள்ளைச் சட்டைக்கு மேல் சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு, திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது என் வேலை. நான் கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருப்பவன் டம்ளரை வைத்துவிட்டு ஓடிவருவான். அப்படிப்பட்ட குரல். ரத்தப்பிரிவு தெரியாது.

இன்று எனக்குப் பதில் ஒருவர் தகர ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு கூப்பிட்டார். பழைய பேப்பர் வாங்க வந்தவர் என்று நினைத்து யாரும் திரும்பவில்லை. எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது.

ஒரு சிலேட்டு வாங்கினேன். வீட்டில் ருக்குமணியும் என்னோடு பேசுவதில்லை. புருஷன் வாய் மூடியிருக்கும்போது தான் மட்டும் பேசுவது தர்மமில்லை என்று விரதம் இருக்கிறாள் போல. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சிலேட்டில் "ரசத்தில் உப்பு இல்லை" என்று எழுதிக் காட்டினேன். உப்பு டப்பாவைக் கொண்டுவந்து சிலேட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 6, வியாழன்

அலுவலகக் கண்காணிப்பாளர் அன்வர்தீன் ஒரு கடிதத்தை ஆட்டிக்கொண்டு வந்தார். ஊருக்கு வெளியே காக்காக்கரடு என்கிற மொட்டைக் குன்றுக்குள் வெள்ளைக்காரன் போர்க்காலத்தில் கட்டிய எண்ணெய்க் கிடங்கு இருக்கிறது. விமானத்துக்கு ஊற்றும் எண்ணெயைக் குண்டு விழாத இடத்தில் வைக்க, பாறையைக் குடைந்து கட்டினார்களாம். எழுபது வருஷமாக வௌவால்தான் குடியிருந்தது. இப்போது அதற்குள் எழும் எதிரொலி உலகத்தில் வேறெங்கும் அவ்வளவு நேரம் நிற்காது என்று யாரோ கண்டுபிடித்து, அளப்பதற்குச் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருக்கிறார். உதவிக்கு ஓர் ஆள் வேண்டும், அவர் சத்தமே போடாதவராக இருக்க வேண்டும் என்று கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார்.

"சென்னியப்பண்ணே, இந்த ஆபீஸ்ல வாயத் தொறக்க மாட்டாருன்னு டாக்டர் சர்டிபிகேட்டோட இருக்கறது நீங்க ஒருத்தர்தானுங்க" என்றார் அன்வர்தீன்.

ஒட்டுமொத்த ஆபீஸும் சிரித்தது. நானும் சிரித்தேன். சத்தமில்லாமல் சிரிப்பதற்கு வயிற்றில் தனி பலம் வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

கிடங்குக்குள் இருக்கும் எண்ணெய்த் தொட்டி என்றால் மொட்டை மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டி அல்ல. கல்யாண மண்டபங்கள் ஐந்தை நீளவாக்கில் வைக்கலாம். கதவு கிடையாது, எண்ணெய்க்கு எதற்குக் கதவு. இரண்டடிக் குழாய் ஒன்றுதான் வழி. சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்துக்கொண்டால் உள்ளேயிருந்து கயிறு கட்டி இழுப்பார்கள். பிணவறைக்குப் போகும் பயிற்சி இலவசமாகக் கிடைத்தது.

உள்ளே கும்மிருட்டு, எண்ணெய் வாடை, டார்ச் வெளிச்சம் அந்தக் கோடிச் சுவரைத் தொடவில்லை. பேராசிரியை பெயர் நப்பின்னை. நாற்பது வயதிருக்கும், என்னைவிட வேகமாகக் குழாய்க்குள் தவழ்கிறார். பெயரைக் கேட்டதும் ஒருமுறை வாய் நிறையக் கூப்பிட்டுப் பார்க்க நாக்கு ஊறியது. சிலேட்டைக் கடித்துக்கொண்டேன்.

என் வேலை பலூன் உடைப்பது. குண்டூசியால் குத்தினேன். முதலில் இடி விழுந்தது. பிறகு அந்த இடி போகவே மாட்டேன் என்றது. சுவரோரமாக நடந்து, கோடிக்குப் போய், திரும்பி வந்து, தலைக்கு மேலே சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரைந்தது. நப்பின்னை கடிகாரத்தைக் காட்டினார். ஒரு நிமிடம் முப்பத்தெட்டு விநாடி.

வெளியே வந்த பிறகுதான் அவர் பேசினார். "உள்ள ஒருத்தர் பேசினா அது அடங்கற வரைக்கும் அடுத்தவர் காத்திருக்கணும் அண்ணா. ரெண்டும் கலந்துட்டா ஒண்ணுமே புரியாது. அதனால நீட்டி முழக்கிப் பேசறவங்களுக்கு இது ஆகாத எடம்."

நம் ஊர் பஞ்சாயத்தையெல்லாம் இங்கேதான் வைக்க வேண்டும் என்று சிலேட்டில் எழுதினேன். சிரித்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பீரோவில் இடமில்லை என்று ருக்குமணி தன் புடவைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். பீரோவில் இப்போது நிறைய இடம் இருக்கிறது.

மத்தியானம் அவள் அண்ணனிடமிருந்து போன். என்னிடம் விரதமாக இருப்பவள் போனில் நன்றாகவே பேசினாள். "மாசக் கடைசீல வந்துர்றனுங்ணா. மேல் ரூம்பக் கூட்டி வெக்கச் சொல்லுங்க அண்ணிய. இல்லீங்ணா, திரும்பி வர்றதா இல்ல."

அங்கே ஏதாவது விசேஷமாக இருக்கும். எனக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு ஒரு சின்ன வருத்தம் இருக்கலாம். போன மாதம் அவள் அக்கா மகன் குமரேசன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் மைக்செட்காரன் ஒரு தவறு செய்துவிட்டான். மைக்கை அணைக்க வேண்டிய நேரத்தில் அணைக்கவில்லை. அவனை அப்போதே திட்டிவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அன்வர்தீன் மேற்பார்வைக்கு வந்தார். அரசு மேற்பார்வை என்றால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வருவது. ஓட்டலில் மொச்சைக்கொட்டைக் குழம்பாம். பலூன் உடைப்பதற்கு முன் எல்லாரும் மூச்சை அடக்கி நின்றோம். நப்பின்னை விரலால் மூன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தபோது அன்வர்தீனுக்குக் காற்றுப் பிரிந்தது.

சின்னதுதான். வெளியுலகத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தொட்டி அதை எடுத்து, விரித்து, பெருக்கி, கோடிவரை கொண்டுபோய் மரியாதையோடு திருப்பிக் கொடுத்தது. ஒரு நிமிடம் முப்பத்தெட்டு விநாடியும் நாங்கள் அஞ்சலி செலுத்துவதுபோல நின்றோம். அடங்கியதும் அவர் என்னைப் பார்த்து, "ஏனுங்ணா, பார்த்து இருக்கக் கூடாதுங்களா" என்றார். மறுத்துப் பேச எனக்கு வாயில்லை. சிலேட்டில் "நான் இல்லை" என்று எழுதினேன். இருட்டில் யார் படிப்பது.

இதை ருக்குமணியிடம் சொன்னால் புரண்டு புரண்டு சிரிப்பாள். இரண்டு பக்கம் எழுதி அவள் பார்வையில் படும்படி வைத்தேன். அதன் மேல் வெங்காயம் நறுக்கினாள்.

பிப்ரவரி 13, வியாழன்

பலூன் பதினாறு. வௌவால் ஒன்று.

பிப்ரவரி 15, சனி

வேலை இல்லை. வீட்டில் இரண்டு பேர், நாள் முழுக்கக் குக்கர் மட்டும்தான் பேசியது.

எழுதுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

கிரகப்பிரவேசத்தன்று என் குரலுக்காக மைக்கை என்னிடம் கொடுத்திருந்தார்கள். அடுத்த பந்திக்கு வாங்க, கார் எடுத்து நிறுத்துங்க என்று வாய் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருந்தேன். குமரேசனின் எட்டு மாதக் குழந்தையை ருக்குமணி தூக்கி வைத்திருந்தாள். குழந்தை அழுதது. அவள் தோளில் போட்டுத் தட்டினாள், மேலும் அழுதது. நான் மைக்கை இறக்கியதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"அத அவிங்க அம்மாகிட்டக் குடு. பெத்தவளுக்குத்தான் தெரியும். உனக்கென்ன தெரியும்."

தென்னை மரத்துக்கு ஒன்றாக இரண்டு குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. பந்தியில் இருந்தவர்கள் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். ருக்குமணி குழந்தையை அதன் அம்மா மேகலாவிடம் கொடுத்தாள். கை கழுவும் இடத்துக்குப் போய்க் கை கழுவினாள். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முந்தி நடந்தது இது. அன்றிலிருந்துதான் அவள் விரதம்.

மைக்செட்காரன்மேல் தப்பில்லை.

இதில் எழுத வேண்டியது இன்னொன்று இருக்கிறது. கல்யாணமான ஆறாம் வருஷம் கோயம்புத்தூரில் இருவரும் சோதனை செய்துகொண்டோம். காகிதத்தை டாக்டர் என்னிடம் கொடுத்து, ஏதோ சதவீதமெல்லாம் சொன்னார். சதவீதம் என்ன சதவீதம், குறை என்னிடம். அவளிடம் ஒன்றுமில்லை. பஸ்ஸில் ருக்குமணி அந்தக் காகிதத்தை என் பையிலிருந்து எடுத்து, நாலாகக் கிழித்து, ஜன்னல் வழியே விட்டாள். "எனக்குத்தான்னு சொல்லிக்கலாமுங்க. உங்கள ஆபீஸ்ல நாலு பேரு கேலி பேசுவாங்க" என்றாள்.

நான் சரி என்றேன்.

இருபத்திரண்டு வருஷம். அவளை எந்தெந்தக் கோயில் படியில் உருளச் சொன்னார்கள், என்னென்ன கசாயம் குடிக்க வைத்தார்கள், எத்தனை வளைகாப்பில் பின்வரிசையில் நிற்க வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றேன். மாவட்டத்திலேயே பெரிய குரல் என்னுடையது. ஒருமுறைகூட அதைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று தொட்டிக்குள் நான் தனியாக ஐந்து நிமிடம் இருக்க நேர்ந்தது. ஒரு பேச்சு அங்கே அடங்கும்வரை நகர முடியாது என்பதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் நான் கத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கத்தியது எப்படிக் கேட்டது என்று ஒருநாளும் நின்று கேட்டதில்லை. கேட்டவள் அவள்தான்.

பிப்ரவரி 21, வெள்ளி

இருபத்தொரு நாள் முடிந்தது. டாக்டர் உள்ளே குழாயை விட்டுப் பார்த்து, "பேசுங்க" என்றார்.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. என் பெயரைச் சொன்னேன். பக்கத்து அறையில் யாரோ சொன்ன மாதிரி இருந்தது. மெல்லிசாக, நுனியில் பிசிறோடு, பிறந்து இரண்டு நாளான ஆட்டுக்குட்டிக்கு உடம்பு சரியில்லாததுபோல ஒரு குரல். "இவ்வளவுதானுங்களா?" என்றேன். கொஞ்சம் தேறும், பழைய குரலை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

வண்டி நிறுத்தத்தில் ரொம்ப நேரம் நின்றேன். அழுகை வந்தது. அதுவும் ஆட்டுக்குட்டி மாதிரியே வந்தது.

வீட்டுக்கு வந்து "இன்னும் ஒரு மாதம் பேசக் கூடாதாம்" என்று சிலேட்டில் எழுதினேன். ருக்குமணி படித்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் தவணை கிடைத்தது. அவளோ ஒரு வாரத்தில் கிளம்புகிறாள். கணக்கு எனக்கும் தெரியும்.

பிப்ரவரி 24, திங்கள்

மாட்டிக்கொண்டேன். பேசலாம் என்ற சான்றிதழை ஆஸ்பத்திரி நேராக ஆபீஸுக்கே அனுப்பிவிட்டது. அன்வர்தீன் அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்.

வியாழக்கிழமை தொட்டியைச் சுற்றுலாத் தலமாகத் திறந்துவைக்கிறார்கள். பெரிய அதிகாரி வருகிறார். எதிரொலியை வந்தவர்களுக்குக் காட்ட ஒரு குரல் வேண்டும், நம் தபேதாரைவிட யார் இருக்கிறார் என்று அதிகாரியே சொல்லிவிட்டாராம். நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் கையில் கொடுத்தார்கள். "மாவட்ட நிர்வாகம் தங்களை வருக வருக என வரவேற்கிறது." ஊழியர்கள் குடும்பத்தோடு வரலாமாம். அன்வர்தீன் சம்சாரம் ருக்குமணிக்குப் போன் செய்து, கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டது.

பிப்ரவரி 27, வியாழன்

ருக்குமணி வந்தாள். பெட்டியோடு வந்தாள். அவள் அண்ணன் ஊருக்குப் போகும் பஸ் காக்காக்கரடு விலக்கில்தான் நிற்கும். பெட்டியைக் கிடங்கு வாசலில் போலீஸ்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வரிசையில் நின்றாள்.

குழாய் வாயில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். அதிகாரி அதை வெட்டியதும் பழக்க தோஷத்தில் சால்வை போர்த்திவிட்டார்கள். சால்வையோடு பலகையில் படுத்தார். பாதிக் குழாயில் சால்வை சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. உள்ளேயிருந்து நாலு பேர் இழுக்க, வெளியேயிருந்து நாலு பேர் தள்ள, அரசு இயந்திரம் ஒருவழியாக நகர்ந்தது. பின்னாலேயே முப்பது பேர் ஒவ்வொருவராக உள்ளே போனோம். ருக்குமணி புடவையைக் காலோடு சுற்றிச் செருகிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் வந்தாள்.

கைதட்டக் கூடாது என்று நப்பின்னை ஏழு முறை சொன்னார். அதிகாரி "வணக்கம்" என்றதும் எல்லாரும் தட்டினார்கள். அடைமழைக்குள் மாட்டியதுபோல இரண்டு நிமிடம் நின்றோம். அவருடைய உரையும் அதிலேயே கரைந்தது. யாருக்கும் நஷ்டமில்லை.

பிறகு என் முறை. நப்பின்னை டார்ச்சை என் காலடியில் அடித்தார். கையில் காகிதம் இருந்தது. ஆறு அடி தள்ளி ருக்குமணி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றாள், எண்ணெய் வாடைக்காக. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"எங்களுக்குக் கொழந்த இல்லாததுக்குக் கொற எங்கிட்ட. ருக்குமணிகிட்ட இல்ல."

ஆட்டுக்குட்டிக் குரல்தான். தொட்டிக்கு அதெல்லாம் பேதமில்லை. எடுத்துக்கொண்டு போயிற்று. கோடிச் சுவரைத் தொட்டுத் திரும்பி வந்து எங்கள் எல்லார் தலைக்கும் மேல் நின்றது. முப்பது பேரில் ஒருவரும் இருமவில்லை. வெளியே ஓட வழியுமில்லை, குழாய்க்கு வரிசையில் படுக்க வேண்டும். நான் சொன்னதை நானே முழுதாகக் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தை போய்ச் சத்தம் நின்றது, சத்தம் போய் ஒரு முனகல் நின்றது, அதுவும் போயிற்று.

அப்போது ருக்குமணி பேசினாள். நாற்பது நாளுக்கு மேல் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"இவிங்களுக்கு எதுக்குங்க?"

ஒரு நிமிடம் முப்பத்தெட்டு விநாடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

வெளியே வெயிலில் பெட்டியை எடுத்துக்கொண்டாள். நான் பின்னாலேயே போனேன். பஸ் விலக்கில் நின்று திரும்பினாள்.

"மேடை ஒண்ணு கெடச்சா உங்களுக்குப் போதும். அங்க நின்னவிங்க ஆரு, எனக்கென்ன ஒறவா? கிரகப்பிரவேசத்துக்கு வந்தது நாப்பத்திரண்டு குடும்பம். அவிங்க காதுலதான் நீங்க அன்னைக்குப் போட்டுப்போட்டீங்க. ஒவ்வொரு ஊடாப் போயிச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

"மைக் இல்லாம."

"கொரலே இல்ல புள்ள" என்றேன்.

"கேக்கறவிங்க கிட்ட வந்து கேப்பாங்க" என்றாள். பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, "ஞாயித்துக்கெழம காலைல எங்கண்ணன் ஊட்டுல ஆரம்பிங்க" என்றாள். பஸ் போய்விட்டது.

ஆபீஸில் அதிகாரி என்மேல் நடவடிக்கை எடுக்கலாமா என்று கேட்டாராம். எந்த விதியில் எடுப்பது என்று அன்வர்தீன் தேடிக்கொண்டிருக்கிறார். தேடட்டும்.

மார்ச் 2, ஞாயிறு

மச்சான் வீட்டில் யாரும் உட்காரச் சொல்லவில்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் அதற்குக் கீழே போய்விட்டது. "கொஞ்சம் நிறுத்துங்க" என்று இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. நிறுத்தினார்கள். மச்சான், அவர் மனைவி, என் மாமியார் மூன்று பேரும் காதைக் கொடுத்துக்கொண்டு கிட்டே வந்தார்கள். சொன்னேன். அன்றைக்குச் சொன்னது தப்பு என்றும், கோயம்புத்தூர் காகிதத்தில் என்ன இருந்தது என்றும், அதை யார் கிழித்தது என்றும் சொன்னேன். மச்சான் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். மாமியார் என்னைப் பார்க்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த ருக்குமணியைப் பார்த்து, "ஏஞ்சாமி, எத்தன கசாயம் குடுத்தேன் உனக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

தொட்டியில் சொல்வது எளிது. இங்கே எதிரே முகம் இருக்கிறது.

அடுத்த வீடுகளுக்கு ருக்குமணி கூடவே வந்தாள். உள்ளே வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டாள். வா என்று கூப்பிட்டவர்களிடம், "அவிரு ஒண்ணு சொல்லோணும், சொல்லட்டும்" என்றாள். ஒரு வீட்டில் நான் ஆரம்பிப்பதற்குள் காபி கொடுத்து, சர்க்கரை வியாதியைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். கேட்டுக்கு வெளியே வெயிலில் அவள் தலை தெரிந்தது. சொல்லிவிட்டு எழுந்தேன். இன்னொரு வீட்டுக்காரர், "விடுங்க மாப்ள, ஆம்பளைக்கு ஆம்பள சொல்றேன், இதையெல்லாம் வெளிய சொல்லலாமா" என்றார். சொல்லிவிட்டேனே என்றேன்.

ஐந்தாவது குமரேசனின் புது வீடு. அவன் கடைக்குப் போயிருந்தான். மேகலா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். ருக்குமணி கேட்டுக்கு வெளியே நின்றாள். இந்த வீட்டு வாசலில்தான் அன்று மைக் இருந்தது. சொன்னேன். தொண்டை நடுவில் இரண்டு இடத்தில் நின்றுபோய், எச்சில் விழுங்கி, மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

மேகலா கேட்டைப் பார்த்து, "உள்ள வாங்க அத்த" என்றாள்.

ருக்குமணி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். இன்னும் முப்பத்தேழு வீடு இருக்கிறது.